அம்பத்தூரில் குரோமியம் இல்லாத எஞ்சின் பூச்சு: ஒரு ஜாப் வொர்க் பட்டறையைப் பற்றி

சோதனை எஞ்சின்களில் காற்றை அழுத்தும் கம்பிரசர் பிளேடுகளை எங்கள் பட்டறையில் செய்து தருகிறோம். சுமார் 12 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகுதான் என்றாலும், சென்னையின் உப்புக் காற்றில் அதிலும் குழித்துரு விழும் என்பதால், பாஸ்பேட் பிணைப்பில் அலுமினியத் தூளைக் கலந்து அடிக்கும் பீங்கான் வகைப் பூச்சு தேவைப்படுகிறது. எஃகில் உலோகமாக இருக்கும் குரோமியத்தால் தீங்கில்லை. பழைய பூச்சுக் கலவைகளில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியமே புற்றுநோயை உண்டாக்குவது. அந்த வகைச் சேர்மமான குரோமியம் டிரையாக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் தனி அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 2017 செப்டம்பர் 21 முதல் தடை செய்துவிட்டது. ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவுமேட்டை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தத் தடைக்கான காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குரோமியம் அற்ற கலவையை அடிக்கும் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் முதலில் 12 பிளேடுகளைக் கொடுத்தேன். கலவையை அவர்கள் கையாளும் விதமே எனக்கு நம்பிக்கை தந்தது. பாஸ்பாரிக் அமிலத்தில் அலுமினியத் தூள் கிடந்தால் இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிடும், கலவையும் கெட்டியாகிவிடும். பழைய கலவைகளில் அதைத் தடுத்து வைத்திருந்தது அந்த ஆறு இணைதிறன் குரோமியம் உள்ள குரோமேட்தான். அது இல்லாத நிலையில், பிணைப்புத் திரவத்தையும் தூளையும் தனித்தனியே வைத்திருந்து, அன்றன்று காலையில் கலந்து, அன்றே அடித்து முடித்துவிடுகிறார்கள். மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைப்பதில்லை. ஒவ்வொரு பூச்சையும் சுமார் 350 டிகிரியில் வேகவைத்து, கண்ணாடி மணிகளை வீசி மெருகேற்றுகிறார்கள். இந்த மெருகு வெறும் அழகுக்கானது அன்று. தூள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தினால்தான் அலுமினியம் தன்னை அரித்துக்கொண்டு எஃகைக் காக்கும். மல்டிமீட்டரை வைத்து என் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்டினார்கள்.

இரண்டு பிளேடுகளில் எஃகு தெரியும்படி குறுக்குக் கோடு கீறி, 5 விழுக்காடு உப்புக் கரைசல், 35 டிகிரி என்ற வழக்கமான அளவில், வெளி ஆய்வகமொன்றில் 500 மணி நேரம் உப்புப் பனிச் சோதனைக்கு உட்படுத்தினேன். அலுமினியம் அரிபட்ட வெள்ளைப் படலம் வந்தது. கீறலில் செந்துரு வரவில்லை.

குறை மாஸ்கிங்கில், அதாவது பூச்சு படக்கூடாத இடத்தை மறைத்து ஒட்டுவதில் இருக்கிறது. மூன்று பிளேடுகளின் வேர்ப்பகுதியில் பூச்சு படிந்து, பிளேடுகளைப் பொருத்தும் டிஸ்க்கின் காடியில் அவை நுழையாமல் நின்றுவிட்டன; சுரண்டி எடுத்துத் திரும்பத் தர ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கூலியும் பழைய பூச்சைவிட அதிகம். அன்றாடம் கலவை வீணாவதால் அதை நான் பெரிதாகப் பேரம் பேசவில்லை.

அடுத்த 40 பிளேடுகளையும் அங்கேயே கொடுத்திருக்கிறேன். வேர்ப்பகுதிக்கான மாஸ்கிங்கை மட்டும் எங்கள் பட்டறையிலேயே ஒட்டி அனுப்பினேன்.