பழைய மின் சக்கரம்: மோட்டார் தங்கம், பெடல் தகரம்

பானை வனையும் பழைய மின் சக்கரம் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமா என்று நண்பர் கேட்டார். 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை தொடங்கி, அங்கே கற்றவர்கள் தனித்தனியாக ஸ்டூடியோ போட்ட வட்டாரம் எங்கள் புதுச்சேரி. பழைய சக்கரங்களுக்குப் பஞ்சமில்லை. நானும் அப்படி ஒன்றை வாங்கிச் சில வருடங்களாக ஓட்டுகிறேன்.

மேல் பேரிங்கில் சேறு இறங்கிக் கரகரத்தது. இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகப் போட்டேன், சரியாகிவிட்டது.

பழைய மோட்டார் ஒற்றை ஃபேஸ். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒழுங்காக நடக்காது. கழற்றிவிட்டு அரை எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரும், அதை ஓட்ட வி.எஃப்.டி.யும் (மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வைத்தேன். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸிலிருந்தே அது மூன்று ஃபேஸ் தரும், ஆனால் 230 வோல்ட்தான். கிடைத்த மோட்டாரோ 415 வோல்ட், உள்ளே சுருள்கள் ஸ்டார் முறையில் இணைந்தவை. 230 வோல்ட்டில் ஓட அதை டெல்டா முறைக்கு மாற்றியாக வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் தகட்டை மாற்றிப் போட்டால் போதும். என்னுடையதில் மூன்றுதான். வைண்டிங் கடைக்காரர் உள்ளிருந்த இணைப்பைப் பிரித்து மற்ற மூன்றையும் வெளியே எடுத்துத் தந்தார். பொறுமைசாலி.

பலன் அபாரம். 1440 சுற்று மோட்டாருக்கு ஆறுக்கு ஒன்று என்று புல்லி போட்டதால் தட்டு நிமிடத்துக்கு 240 சுற்று போகிறது. வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 5 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 24. குறைந்த வேகத்தில் முறுக்கு விசையைக் கூட்டும் டார்க் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அந்த வேகத்தில் விளிம்பைத் தேய்க்கக் கை வைத்தாலும் நிற்பதில்லை.

ஆனால் அந்தப் பெடல்! முதலில் இருந்தது ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் மாதிரியான பொட்டென்ஷியோமீட்டர். மண் தூசி புகுந்து செத்தது. மாற்றினேன், அதுவும் செத்தது. அப்புறம் மின் வண்டிகளில் வரும், காந்தத்தை வைத்து மிதியை உணரும் ஹால் சென்சார் உள்ள பெடலை வாங்கினேன். தூசி பற்றிக் கவலையில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் மிதிக்காதபோதும் அது ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சும்மா இருக்கும் சக்கரம் ஊர்ந்தது. டிரைவில் கீழ் எல்லையை உயர்த்தினேன். இப்போது மிதியின் தொடக்கத்தில் ஒன்றும் நடக்காது, பிறகு சட்டென்று ஒரு துள்ளல். வேகம் ஏறும் நேரத்தைக் கூட்டினால் துள்ளல் குறைகிறது, ஆனால் நான் மிதித்த பிறகு சக்கரம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. ஜாடிக் கழுத்தை ஒடுக்கும்போது இந்த யோசனை எதற்கு?

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், காசு சேர்த்துப் புதியதாக வாங்குங்கள். நேற்று ஒரு ஜாடியை இந்தப் பெடல் சரித்த கோபமும் இதில் இருக்கிறது. இருக்கட்டும், பதிலை மாற்றப் போவதில்லை. கேட்காமல் வாங்குவீர்கள் என்று தெரியும். மோட்டார் எடுக்கும்போது முனைகளை எண்ணிப் பாருங்கள். ஈரக் கையோடு உட்காரும் இடம், எர்த் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.