ஆறு குளிர்காலம் பார்த்த ஒட்டுத்துணிப் போர்வை

முதல் கிழிசல் மூன்றாம் வருடம் வந்தது. காலையில் போர்வையை உதறி மடிக்கும்போது ஒரு இளஞ்சிவப்புத் துண்டு தையலை ஒட்டியே நீளமாகப் பிளந்திருந்தது. நூல் விடவில்லை, துணிதான் நைந்திருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால் பிளவுஸ் லைனிங் துணி. அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னும் நான்கு இடம். நான்கும் லைனிங்தான்.

2019 மார்ச்சில் தைத்து முடித்த போர்வை இது. நாங்கள் இருப்பது குன்னூரில், அதனால் கோடையில் சில வாரம் போக வருடம் முழுக்கக் கட்டிலிலேயே கிடக்கும். முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் நிறத்தையும் டிசைனையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். ஆறு குளிர்காலம் போர்த்திய பிறகு சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

துணி எங்கள் தெரு டெய்லர் அக்கா கொடுத்தது. "எடுத்துட்டுப் போ கண்ணு, எனக்கு எடம் அடைக்குது" என்று இரண்டு சாக்கு வெட்டுத் துணியைத் தள்ளிவிட்டார். பிளவுஸ் தைக்கிற இடத்து மிச்சத்தில் ஒரு வசதி உண்டு. பாதிக்கு மேல் டூ பை டூ என்கிற பிளவுஸ் பருத்தித் துணி. சேலைக்கு மேட்ச் பார்த்து எடுப்பதால் அத்தனை நிறமும் இருக்கும், பூவோ கோடோ இருக்காது. ஒட்டுத்துணிப் போர்வையில் மாடர்ன் குவில்ட் என்று இப்போது சொல்லும் பாணிக்கு இந்த மாதிரி ஒற்றை நிறத் துணிதான் உயிர். வெளிநாட்டில் இதையே காசு கொடுத்து வாங்கித் துண்டு போடுகிறார்கள். எனக்குச் சாக்கில் வந்தது.

வந்ததை எல்லாம் போட்டுவிடவும் முடியாது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, சந்தேகமான துணியில் ஒவ்வொரு இழையாக உருவி நெருப்பில் காட்டிப் பிரித்தார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் பட்டு. ஜரிகைத் துண்டுகளை நான் ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். இஸ்திரிப் பெட்டி பட்டதுமே சுருண்டுவிட்டன. திருப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பனியன் வேஸ்டையும் தொடவில்லை. அது இழுத்தால் நீளும், நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் அலை அலையாக நிற்கும். லைனிங் துணியும் நெருப்பில் பாஸாகிவிட்டது, சுத்தப் பருத்திதான் என்று. பருத்தியா என்று பார்த்தோமே தவிர, பலமா என்று பார்க்கவில்லை. இப்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறேன். விரல் அந்தப்பக்கம் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துண்டு கைப்பிடித் துணிக்குத்தான் போகும்.

டிசைனுக்குத் தூண்டுதல் ஜீஸ் பெண்ட் போர்வைகள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்த போர்வைகள் 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, அப்புறம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போயின. வேலைக்குப் போட்டு நைந்த கால்சட்டைகளை வெட்டித் தைத்த சில போர்வைகளில், பை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பழைய நீலத்திலேயே இருக்கும். அதை மறைக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். படத்தில் அதைப் பார்த்ததும் அளவுகோலை ஓரமாக வைக்கலாம் என்று தைரியம் வந்தது.

தைரியம் வந்தால் போதுமா? முதல் பன்னிரண்டு கட்டங்களைத் தரையில் பரப்பினேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவே இல்லை. கடைசியில் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தேன். சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் ஒரே சாம்பல்! நிறங்கள் வேறு வேறாக இருந்தனவே தவிர வெளிறியதும் அடர்ந்ததும் கலந்து வரவில்லை. கண் எதையும் பற்றிக்கொள்ள இடமில்லை. அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் மூலைக்கு மூலை ஒரு வெளிறிய காடாத் துணிப் பட்டை வைத்தேன், மிச்சத் துண்டுகள் அதற்கு இரண்டு பக்கமும். நாலு கட்டம் சேரும்போது காடாப் பட்டைகள் வைரம் வைரமாக வலை போட்டுவிடும், உள்ளே எந்த நிறம் வந்தாலும் பரவாயில்லை. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, பழைய முறைதான்.

துண்டுகளை வெறுமனே ஒன்றோடொன்று தைக்காமல் அப்பாவின் பழைய வேட்டியைச் சதுரமாக வெட்டி அதன் மேல் வரிசையாகத் தைத்தேன். குறுக்கு வாட்டில் வரும் துண்டுகள் தைக்கத் தைக்க இழுபடும். அடியில் நேர் இழையில் வெட்டிய வேட்டி இருந்தால் கட்டம் கோணாது. பதினொரு அங்குலத்துக்கு வெட்டி, தைத்தபின் பத்தரைக்குச் சீவினேன். தைத்துச் சேர்த்தபின் ஒரு கட்டம் பத்து அங்குலம். எட்டுக்கு ஒன்பது வரிசை, 72 கட்டம், மொத்தம் 80க்கு 90 அங்குலம். கட்டில் 5 அடி அகலம். பக்கத்துக்குப் பத்து அங்குலம் தொங்கும், தாராளம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பேர் படுத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது தாராளமில்லை என்று முதல் வாரமே தெரிந்தது. போதாததற்கு முதல் சலவையில் 77க்கு 87 ஆகச் சுருங்கியது. அடுத்து தைத்தால் அகலம் 90க்குக் குறைய விடமாட்டேன்.

உள்ளே வைக்க பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை முதலில் ஒரு தலையணை உறையில் போட்டுப் பார்த்திருந்தேன். சில மாதத்தில் கருநீலத் துணி வழியாக வெள்ளை இழைகள் தாடி மாதிரி எட்டிப் பார்த்தன. அதனால் இதற்குப் பருத்தி விரிப்பு. மேல் துணி, விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கி உள்ளங்கை இடைவெளியில் சேஃப்டி பின் குத்தி, கையால் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். வேட்டி போட்ட புண்ணியத்தில் ஊசி இறங்க ஒரு படலம் கூடுதல், தையல் சேரும் இடங்களில் அதைவிடக் கூடுதல். மூன்று வரிசையில் விரல் நுனி விட்டுப்போனது. மிஷினுக்கு மாறினேன்.

வீட்டு மிஷினில் பெரிய போர்வை தைப்பது துணியோடு மல்லுக்கட்டுவதுதான். பாதிப் போர்வையைப் பாய் போலச் சுருட்டி மிஷினின் கைக்கு உள்ளே திணிக்க வேண்டும், மீதி மேசையிலிருந்து சரிந்து ஊசியை இழுக்கும். இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் பாரத்தை இறக்கிய பிறகுதான் கோடு நேரானது. மேல் துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம், அடித்துணி முன்னே நகர்ந்து மேல் துணி பின்தங்கும். அது இருந்தும் பின்பக்கம் ஒரு இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு மடிப்பு விழுந்து அதன் மேலேயே தையல் ஓடிவிட்டது. பிரித்துத் தைக்க மனசில்லாமல் விட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

சாயம் போன கதையையும் சொல்ல வேண்டும். துண்டுகளைத் துவைத்துவிட்டுத்தான் வெட்டினேன், ஒரு அரக்குச் சுங்குடியைத் தவிர. கடைசி நேரத்தில் ஆசைப்பட்டுச் சேர்த்தது. முதல் சலவையில் பக்கத்துக் காடாப் பட்டையெல்லாம் ரோஸ். உப்பு போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. போகிற சாயத்தை அது நிறுத்தாது. போர்வையைக் காயவிடாமல், பெரிய டிரம்மில் நல்ல சூடான தண்ணீரும் சோப்புத் தூளுமாக ராத்திரி முழுக்க முழுதாக முக்கி வைத்தேன். தண்ணீரை மாற்றி மறுபடியும் ஒரு முறை. தொண்ணூறு சதவீதம் போய்விட்டது. மீதி எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

துவைப்பது வருடத்துக்கு மூன்று முறை. உலர்ந்த எடையே இரண்டரைக் கிலோ, நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்து ஒருமுறை நான்கு நாள் காயாமல் புழுங்கல் வாடை வந்துவிட்டது. இப்போது மாசி வெயிலுக்குக் காத்திருக்கிறேன். ஒரே கொடியில் போட்டால் பாரத்தில் தையல் இழுபடும், இரண்டு கொடிக்குக் குறுக்காகப் பரப்ப வேண்டும்.

தேய்மானம் என்று பார்த்தால் டூ பை டூ ஒரு துண்டுகூடப் போகவில்லை, நிறம் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. சட்டை பாப்ளின், கைத்தறிச் சேலைத் துண்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன. காடா மஞ்சளடித்துவிட்டது, சாம்பல் நிறம் போட்டிருக்கலாம். லைனிங்குக்கு அடுத்துப் பல்லிளித்தது தலைமாட்டு ஓரத்து பைண்டிங், அதாவது ஓரத்தை மூடித் தைக்கும் பட்டை. மோவாய் உரசுவதும் கை பிடித்து இழுப்பதும் அங்கேதானே. இரண்டாக மடித்த இரண்டரை அங்குலப் பட்டைதான் போட்டிருந்தேன். மடிப்பு முனையில் நாலாம் வருடம் நூல் நூலாகப் பிரிந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து மாற்றினேன். அதிலிருந்து துவைக்கும்போதெல்லாம் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுகிறேன்.

கிழிந்த லைனிங் துண்டுகளைப் பிரிக்கவில்லை. அவற்றின் மேலேயே வேறு துணியை ஓரம் மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவண்டி என்ற ஒட்டுப் போர்வை தைப்பது கிட்டத்தட்ட இப்படித்தான். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையலிலேயே துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். இதுவரை ஒட்டுப் போட்டது பதினொன்று. எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒருவராலும் காட்ட முடியவில்லை. ஒரே துணியில் எடுத்த போர்வையாக இருந்தால் முதல் ஒட்டிலேயே பல்லைக் காட்டியிருக்கும்.

இந்த மாசிக்கு வேலை, இடப்பக்க பைண்டிங். தலைமாட்டுக்குப் போட்ட கருநீலம் அரை மீட்டர்கூட மிச்சமில்லை. சாக்கில் கரும்பச்சை கிடக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டேன்.