விதி 21-உம் விதி 42-உம்: வடக்கின் இரு மறுப்புகள்

கேலிக் கால்பந்து, ஹர்லிங் போன்ற அயர்லாந்து மரபு விளையாட்டுகளை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம், வட அயர்லாந்துக் காவலரையும் பிரிட்டிஷ் படையினரையும் உறுப்பினராகச் சேர்க்காமல் விலக்கிவைத்த விதி 21-ஐ 2001-இல் நீக்கியபோது, வட அயர்லாந்தின் 6 மாவட்டங்களில் டவுன் (Down) மாவட்டம் மட்டுமே அதை ஆதரித்தது. அந்த மறுப்பை வெறும் பிடிவாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. வட அயர்லாந்தின் எல்லையோர ஊரான கிராஸ்மக்ளெனின் கழக மைதானத்தை ஒட்டியே ராணுவ முகாம் அமைந்து, ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த ஆண்டுகளை அங்குள்ளவர்கள் நேரில் வாழ்ந்து கடந்திருந்தார்கள்.

சங்கத்தின் தலைமை மைதானமான டப்ளினின் குரோக் பார்க்கில், பிரிட்டிஷ் விளையாட்டுகளாகக் கருதப்பட்ட கால்பந்தையும் ரக்பியையும் அனுமதிக்காத விதி 42-இன் கதை வேறு. 2005-இல் 227-க்கு 97 என்ற வாக்குகளில் அது தளர்த்தப்பட்டபோது வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பெரும்பாலான மாவட்டங்களோடு தெற்கே கார்க் மாவட்டமும் எதிர்த்தது. 1920-இல் அதே மைதானத்தில் பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் இறந்த துயரம் மதிக்கத்தக்கதே. ஆயினும் 2007-இல் அங்கே நடந்த ரக்பி போட்டியில் இங்கிலாந்தின் தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் மரியாதையோடு நின்று கேட்டது.