தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு எந்தப் படகு டாய்லெட் சரிவரும்?

படகு டாய்லெட்டைப் பற்றி இணையத்தில் வாசிக்கக் கிடைப்பதையெல்லாம் எழுதியவர்கள் பெரும்பாலும் காகிதத்தால் துடைத்துக்கொள்கிறவர்கள். அவர்களுடைய பாராட்டும் புகாரும் அந்தப் பழக்கத்தை ஒட்டித்தான் வரும். மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் எங்கள் 32 அடிப் பாய்மரப் படகில் ஏறுகிறவர்கள் எல்லாருமே தண்ணீர்க் கட்சி. பல வருஷம் புழங்கிய பிறகு சொல்கிறேன்: எதை வாங்குவது, எதைப் பழுதுபார்ப்பது என்ற கணக்கு இந்த ஒரு பழக்கத்தாலேயே மாறிவிடுகிறது.

எங்களுடையது கையால் அடிக்கும் பம்ப் டாய்லெட். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சின்னப் பீங்கான் கோப்பை, பக்கத்தில் பம்ப், பம்பின் தலையில் ஒரு குட்டி நெம்புகோல். அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அடித்தால் கடல் தண்ணீர் 19 மில்லிமீட்டர் ஹோஸ் வழியாகக் கோப்பைக்குள் வரும். மறுபக்கம் தள்ளினால் வரத்து நின்று, கோப்பையில் இருப்பது மட்டும் 38 மில்லிமீட்டர் ஹோஸ் வழியாக வெளியே போகும். கரண்ட் வேண்டாம், சத்தமும் பெரிதாக இல்லை.

இதில் முதலில் சோர்ந்துபோவது ஜோக்கர் வால்வு. பம்பிலிருந்து கழிவு வெளியேறும் வாயில் இருக்கும் ரப்பர் துண்டு. நுனி வாத்து அலகு மாதிரி பிளந்திருக்கும். அழுத்தம் வந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். நாளாக ஆக ரப்பர் விறைத்து, பிளவு முழுதாக மூடாது. ராத்திரி சுத்தமாக விட்டுப் படுத்த கோப்பையில் காலையில் பழுப்புத் தண்ணீர் நின்றால் ஹோஸில் இருந்தது திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். கெட்டாலும் கெடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுகிறோம். மாட்டும்போது அலகு ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ப்ளீச் ஊற்றினால் ரப்பர் இன்னும் சீக்கிரம் போகும்.

பம்புக்குள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சீல், மற்ற வால்வுகள் எல்லாம் சேர்ந்த ரிப்பேர் கிட் கடையில் கிடைக்கும். முதல் சில வருஷம் அதைத்தான் வாங்கிப் போட்டோம். பிளாஸ்டிக் உடம்பின் உட்சுவரே கோடு கோடாகத் தேய்ந்துவிட்டால் புது ஓ-ரிங் போட்டும் பயன் இல்லை. தண்டு ஏறி இறங்கும் இடத்தில் கசியும். அந்த நிலைக்கு வந்த பம்புக்கு கிட் வாங்குவது வீண். முழு பம்பையே வாங்கி, பழைய கோப்பையின் அடியில் அதே போல்ட் துளைகளில் மாட்டிவிட்டால் ஒரு காலை நேரத்தில் வேலை முடிந்துவிடும். கழற்றிய பம்பில் உருப்படியாக இருக்கும் பாகங்கள் ஸ்பேர் பெட்டிக்குப் போகும். பம்ப் இறுகினால் சமையல் எண்ணெய் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. சில நாள் இளகும், அப்புறம் பிசினாகிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி.

ஆனால் நாற்றம் வேறு கதை. பம்ப் புதிது, வால்வு புதிது, அப்படியும் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். லங்காவியின் குவா ஊரில் படகு வேலை செய்யும் ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு, "பம்பை ஏண்ணே திட்டுறீங்க? பைப்பை மோந்து பாருங்க" என்றான். அவன் காட்டிய சோதனை எளிது. ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றிக் கட்டி, ஆறிய பிறகு அவிழ்த்துத் துணியை மோந்து பார்க்க வேண்டும். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் ஹோஸின் சுவரே ஊறிப்போய்விட்டது. எவ்வளவு கழுவினாலும் போகாது. எங்கள் துணியை இரண்டாவது முறை மோந்து பார்க்க யாரும் முன்வரவில்லை.

ஹோஸைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே மோசமான பகுதி. முதலில் நன்னீரை ஊற்றி ஊற்றி அடித்து வெளியேற்றி, சீகாக்கை, அதாவது படகின் அடித்துளையை மூடித் திறக்கும் வால்வை, மூடிவிட வேண்டும். கிளாம்ப் திருகுகள் துருப்பிடித்திருக்கும். ஹோஸ் இழுத்தால் வராது. முனையை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிளந்தால்தான் வரும். பலகைக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் திருகு தேட வேண்டும். வெட்டி எடுத்த துண்டைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. உள்ளே சாம்பல் வெள்ளையில், கல்லாக இறுகிய படிவம், வளையம் வளையமாக. 38 மில்லிமீட்டர் குழாயில் கட்டைவிரல் நுழையும் வழிதான் மிச்சம். மிதவை மேடையில் ஓங்கி அடித்தால் தகடு தகடாக உதிர்ந்தது.

சிறுநீரில் உள்ள யூரியா உடைந்து அம்மோனியாவாக மாறும்போது நீரின் காரத்தன்மை கூடும். அப்போது கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கரைசலை விட்டுப் பிரிந்து குழாயின் சுவரில் படியும். ஆக, ஹோஸில் சிறுநீரும் கடல் நீரும் சேர்ந்து தேங்கி நிற்கக் கூடாது. இந்த அளவு ஹோஸ் ஒரு மீட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். மூன்று மீட்டர் ஹோஸ் என்றால் மூன்று லிட்டருக்கு மேல் தள்ளினால்தான் உள்ளே இருப்பது முழுதாகக் கடலுக்கோ தொட்டிக்கோ போய்ச் சேரும். நாலு அடி அடித்துவிட்டு வந்துவிட்டால் எல்லாம் குழாயிலேயே கிடக்கும். விருந்தினரிடம் இதைச் சொல்வதற்கு வெட்கப்பட்டுப் பிரயோசனமில்லை.

புது ஹோஸுக்கு உட்புறம் வழவழப்பான, தடித்த சானிட்டேஷன் ஹோஸ் வாங்கினோம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் மலிவு பிவிசி வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மடிப்பிலும் தேங்கும். முனையை வெந்நீரில் முக்கி, பொருத்தும் மூக்கில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினால் ஏறிவிடும். ஒவ்வொரு முனையிலும் 316 ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு. நடுவில் எங்கும் தொங்கலாகத் தாழ்ந்து நிற்காதபடி கட்டினோம். புது ஹோஸில் வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவைக்கிறோம். கட்டிப்போன படிவத்துக்கு வினிகர் போதாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். அதற்கும் ப்ளீச்சுக்கும் ஒருபோதும் சந்திப்பு கூடாது, விஷவாயு வரும்.

இங்கேதான் நம் பழக்கம் கைகொடுக்கிறது. கைகழுவும் தொட்டியில் இழுத்து நீட்டும் கைஷவர் ஒன்று இருக்கிறது. அதைத்தான் கழுவப் பயன்படுத்துகிறோம். (ஈப்போவிலிருந்து வந்த அத்தை ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "வாளி எங்கப்பா?") கோப்பைக்குள் கடைசியாக விழுவது நன்னீர். அடித்து முடித்ததும் ஹோஸின் பம்ப் பக்கத்தில் நிற்பதும் பெரும்பாலும் அதுதான். காகிதம் உள்ளே போவதே இல்லை. படகு டாய்லெட் அடைத்துக்கொள்ளும் கதைகளில் பாதிக்கு மேல் காகிதமும் ஈரத்துடைப்பானும்தான் வில்லன். தரை நனையும் என்றால், படகின் குளியலறைத் தரையே ஷவர் தண்ணீரை வாங்கி வெளியே பம்ப் செய்வதற்கென்று அமைத்ததுதானே.

இதே பழக்கம் மக்கும் டாய்லெட்டில் நேர் எதிராக வேலை செய்கிறது. நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட் என்று பெயர்பெற்ற பெட்டிகள் உண்டு. கடலோடு சம்பந்தமே இல்லை: ஹோஸ் கிடையாது, படகின் அடியில் துளை கிடையாது. சிறுநீர் முன்பக்கம் தனிக் குடுவைக்குப் போகும். மற்றது பின்னால் தேங்காய் நார்த்தூளில் விழும். கைப்பிடியைச் சுற்றிக் கிளற வேண்டும். 12 வோல்ட் குட்டி மின்விசிறி ஈரக்காற்றை வெளியே இழுக்கும். அந்த நார்த்தூள் செடி வளர்ப்பவர்கள் வாங்கும் அதே கட்டிதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகமெங்கும் கப்பலேறுகிறது.

நியூசிலாந்து நண்பர் ஒருவரின் படகில் வடகிழக்குப் பருவக்காற்று சீசனில் தாய்லாந்துத் தீவுகள் வரை போய்வந்தபோது இதை வேண்டிய அளவு பயன்படுத்தியாயிற்று. நாற்றம் இல்லை, நிஜமாகவே இல்லை. மழைக்குப் பின் தோட்டத்தில் வரும் மண் வாசனைதான். ஆனால் அது அப்படி இருப்பதற்கு ஒரே காரணம், பின்பகுதி உலர்ந்தே இருப்பது. உட்கார்ந்த இடத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தூள் சேறாகி, இரண்டு நாளில் பூச்சி மொய்க்கும். எழுந்து, மூடியைச் சாத்தி, ஷவர் தரைக்கு நகர்ந்து, அங்கே கழுவ வேண்டும். படகு ஆடும்போது அதைச் செய்து பாருங்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. சிறுநீர்க் குடுவையை அடிக்கடி கரைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். சில வாரத்தில் எல்லாம் உரமாகிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். படகில் நடப்பது பெரும்பாலும் உலர்த்தல்தான், மக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆள் இல்லாமல் நீண்ட நாள் நிற்கும் படகுக்கும், இரண்டு பேர் மட்டும் வாழும் படகுக்கும் இது அருமை. வாரக்கடைசியில் ஆறு பேர் ஏறும் எங்கள் படகுக்கு ஆகாது.

மின்சார டாய்லெட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் ராத்திரியில் அழுத்தினால் படகே எழுந்துகொள்ளும்.

கழிவு எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு, 400 டன்னுக்கும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதியுள்ளவற்றுக்கும்தான் பொருந்தும். சுத்திகரிக்காத கழிவை அவை கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். எங்கள் படகு அந்தக் கணக்கில் வராது. அதற்காகப் புலாவ் பாயாரில் பவளப்பாறை பார்க்க மக்கள் முகமூடியோடு மிதக்கும் இடத்தில் பம்ப் அடிக்க மனசு வருமா? கழிவைச் சேர்த்துவைக்கத் தொட்டி ஒன்று வைத்து, கடலுக்கா தொட்டிக்கா என்று திருப்பிவிடத் திசைமாற்று வால்வு போட்டிருக்கிறோம். தொட்டியின் காற்றுக்குழாயைப் பெரிதாக மாற்றிய பிறகு அங்கிருந்து வந்த நாற்றமும் குறைந்தது. உள்ளே காற்று போகாவிட்டால்தான் அழுகல் வாடை.

கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் இரண்டு ஹோஸும் நீர்மட்டத்துக்கு மேலே வளைந்து இறங்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்று வால்வு வேண்டும். இல்லாவிட்டால் கடல் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே வந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்திலேயே படகுகள் மூழ்கியிருப்பது இப்படித்தான். அந்தக் குட்டி வால்வில் உப்பு கட்டும், எனவே மாதாமாதம் கழற்றி நன்னீரில் அலசுகிறோம். படகை விட்டு இறங்கும்போது சீகாக்குகளை மூடுவது என் மனைவியின் பொறுப்பு. என்னிடம் விட அவருக்கு மனமில்லை. உள்ளிழுக்கும் துளையில் சிப்பி ஒட்டிக்கொண்டு தண்ணீர் வராமல் போவதும் உண்டு. அப்போது முகமூடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவது என் பொறுப்பு.

ஸ்பேர் பெட்டியில் இப்போது ஜோக்கர் வால்வுகள், கழற்றிய பம்பின் பாகங்கள், கிளாம்புகள், சிலிக்கான் கிரீஸ், கூடவே சீகாக் உடைந்தால் துளையை அடைக்க அதன் அளவுக்குச் செதுக்கிய மென்மரக் கட்டைகள் இருக்கின்றன. லங்காவி வரியில்லாத் தீவு, சாக்லேட்டும் சாராயமும் எந்த நேரமும் கிடைக்கும். சானிட்டேஷன் ஹோஸ் வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே கடையில் சொல்லிவையுங்கள்.