2017 மாடல் என்று என் தலையில் கட்டிய 2015 பிக்கப்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் பட்டை நாமம்.

நமக்கு ஊர் கடலூர் முதுநகர். துறைமுகத்தில் மீன் எடுத்துப் பண்ருட்டி, நெய்வேலிக்குப் போடுகிற தொழில். இருந்த குட்டி யானை, ஐஸ் தண்ணி ஒழுகி ஒழுகி அடியெல்லாம் துருப்பிடித்து முடங்கிவிட்டது. வில்லியனூர் பக்கம் ஒரு புரோக்கரிடம் டி.என். 31 நம்பரிலேயே பொலிரோ பிக்கப் ஒன்று நிற்கிறது என்று மச்சான் சொன்னான். போனோம். "2017 மாடல் அண்ணே, சிங்கிள் ஓனர், பாத்தாலே புடிச்சிடும்" என்றார். புடிச்சுத்தான் போச்சு. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அடிவரைக்கும் பளபளவென்று கறுப்பு பெயின்ட். துருவோடு மல்லுக்கட்டியவனுக்கு அதைப் பார்த்ததும் கண் மறைத்துவிட்டது. அந்தப் பெயின்ட்டுக்கு அடியில்தான் விஷயமே இருந்தது.

ஆர்.சி. கேட்டேன். ஃபைனான்ஸ்காரரிடம் இருக்கிறது, எச்.பி. (வண்டி மேல் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆனதும் வரும் என்று, அதற்கான ஃபார்ம் 35 கதையெல்லாம் சொல்லி, போனில் பதிவுத் தேதியை மட்டும் காட்டினார். 31-03-2017. சரி, 2017தானே என்று 4 லட்சத்து 70 ஆயிரத்துக்குப் பேசி முடித்தேன்.

எஃப்.சி. (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) காட்டுவதற்கு முன் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் பாயிடம் விட்டேன். துணியில் தின்னரை நனைத்து, சக்கரத்துக்கு மேலே சேசிஸ் பட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பைக் கழற்றினார். மேலே பேப்பரை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க, வெள்ளை வெள்ளையாக ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. மொத்தம் 17. விரல் வைத்து எண்ணினார்.

"பத்தாவது இன்னா போட்டிருக்கு, படி தம்பி."

"எஃப்."

"எஃப்னா பதினஞ்சு. நீ பதினேழுன்னு இல்ல சொன்ன?"

கணக்கு ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. இங்கே ஓடுகிற பெரும்பாலான வண்டிகளில் சேசிஸ் நம்பரின் பத்தாவது இடம்தான் வருடம். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010 என்றால் ஏ, 2011 பி, அப்படியே போனால் 2015 எஃப், 2016 ஜி, 2017 எச். 2018க்கு ஐ வராது, ஜே. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, கியூ மூன்றும் சேசிஸ் நம்பரில் எங்குமே கிடையாது. இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாதத்துக்கும் எழுத்து உண்டு, ஆனால் அதன் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சந்தேகம் தீராமல் ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தோம். ஓடுகிற டயரை மாற்றிவிடுவார்கள், ஸ்டெப்னியை யார் கவனிக்கிறார்கள்? பக்கவாட்டில் கோழிமுட்டை வடிவக் கட்டத்துக்குள் 3815. அதாவது 2015ஆம் வருடத்தின் 38ஆவது வாரம். அப்புறம் ஆர்.சி. கைக்கு வந்தபோது தயாரித்த மாதம், வருடம் என்ற இடத்தில் 10/2015 என்று அதுபாட்டுக்கு இருந்தது. முதல் நாளே அதைக் கண்ணில் காட்டியிருந்தால் பேச்சே வேறு.

அந்தப் பதிவுத் தேதியும் சும்மா வந்தது இல்லை. பி.எஸ். 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு அளவு) வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் மார்ச் 29ஆம் தேதி உத்தரவு போட்டது. தேங்கிக் கிடந்த வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட நாட்கள் அவை. என் வண்டியும் பி.எஸ். 3தான். முதல் ஓனர் சல்லிசாக வாங்கியிருப்பார்; அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

புரோக்கருக்குப் போன் போட்டால், "மாடல்னு நான் சொன்னது ரிஜிஸ்ட்ரேஷன் மாடல் அண்ணே" என்கிறார். அப்படி ஒரு மாடல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரொம்ப சத்தம் போட்டதில் கமிஷனில் ஐயாயிரம் திரும்பி வந்தது. பதிவுத் தேதி பொய் இல்லை, 2017 மாடல் என்று எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டும் இல்லை. எதை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ஏறுவது?

நீங்கள் போகும்போது ஒரு பழைய துணி, கொஞ்சம் தின்னர், பென்சில், வெள்ளைப் பேப்பர் கொண்டுபோங்கள். தேய்க்க விடவில்லை என்றால் அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடமோ, எழுத்து ஒன்று ஏறி ஒன்று இறங்கியோ இருந்தால் விலையே கேட்க வேண்டாம். அது நம்மை ஜெயில் வாசல் வரைக்கும் இழுக்கும்.

போன வாரம் அதே புரோக்கர் "2019 மாடல்" என்று இன்னொரு பிக்கப் போட்டோவை அனுப்பியிருந்தார், என் நம்பரை அழிக்க மறந்துவிட்டார் போல. சேசிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க என்று கேட்டேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.