ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர்: சில வருட அனுபவம்

ஒற்றைத் தலைவலிக்காகச் சில வருடங்களாக அக்குபங்சர் என்ற சீன மரபு ஊசி வைத்தியம் எடுத்து வருகிறேன். நோய் போய்விட்டதா என்றால், இல்லை. வலி வருவது குறைந்திருக்கிறது. வந்தாலும் முன்போல் ஆளைச் சாய்த்துவிடுவதில்லை. என்னளவில் இதுதான் பலன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "ஊசி வலிக்குமா?" இது மருந்து ஏற்றும் ஊசி இல்லை. துளை கிடையாது, தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். மெல்லிய குழாய்க்குள் வைத்து மேலே ஒரு தட்டு; குத்தியதே சில சமயம் தெரியாது. உள்ளே போன பிறகுதான் விஷயம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் செருகி லேசாகத் திருகும்போது, ஒரு கனமும் மந்தமான கடுப்பும் கையில் பரவும். அது வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்பது மரபு வைத்தியர்கள் கணக்கு. (கர்ப்பிணிகளுக்கு அந்தப் புள்ளியில் குத்துவதை மரபிலேயே தவிர்ப்பார்கள்.) சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். நரம்பில் பட்டிருக்கலாம், உடனே சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கு முன்பு இரண்டு கை நாடியும் பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் விசாரிப்பார்கள். "கல்லீரல் சக்தி தேங்கியிருக்கு" என்றார் என் வைத்தியர். அது அவர்கள் மரபில் பேசுகிற பேச்சு. ரத்தப் பரிசோதனையில் தெரிகிற கல்லீரல் கோளாறு அல்ல. கேட்டுவிட்டுப் பதறி ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். பிறகு இருபது, முப்பது நிமிடம் ஊசிகளோடு படுத்திருக்க வேண்டியதுதான். நான் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், மயக்கம் வரும்.

"எல்லாம் மனசுதானே?" என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்த முதுகுவலி ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் அக்குபங்சரில் 47.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். ஆனால் மரபு சொல்லும் புள்ளிகளை விட்டு விலகி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியிலும் 44.2 சதவீதம்! பலன் இருக்கிறது, புள்ளிக் கணக்கை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வேறோர் இடத்தில் எடுத்த எடுப்பிலேயே "மாத்திரையை எல்லாம் நிறுத்திடுங்க" என்றார்கள். அன்றோடு அங்கே போவதை விட்டேன். மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டியது அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை பேஸ்மேக்கருக்கு ஆகாது. ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மார்பு, தோள்பட்டைப் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட அபூர்வமாக வாய்ப்புண்டு, அதனால் கை தேர்ந்தவரா என்று விசாரித்துப் போங்கள்.

தலைவலி வந்த நாட்களைக் குறித்து வையுங்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு தலைவலிக்குச் சொல்வது 5 முதல் 8 வாரங்களில் அதிகபட்சம் 10 சிட்டிங். அதற்குள் குறிப்பில் மாற்றமே தெரியவில்லையென்றால் மேற்கொண்டு பணம் கட்டாதீர்கள், வைத்தியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.