குறைந்தபட்சக் கூலியா, வரிச் சலுகையா?

அமெரிக்காவில் உழைத்தும் வறுமை நீங்காதோருக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது நல்லதா, 1975 முதல் நடைமுறையில் உள்ள ஈட்டிய வருமான வரிச் சலுகையை (குறைந்த வருமானத்தில் உழைப்போருக்கு, கட்டவேண்டிய வரி இல்லாவிட்டாலும், அரசு பணமாகத் தரும் உதவி) விரிவாக்குவது நல்லதா என்று தடுமாறுவோர் பலர்.

செலவு: கூலி உயர்வை முதலாளியும், விலை வழியாக ஓரளவு நுகர்வோரும் சுமக்கின்றனர், சலுகையை அரசுக் கருவூலம் சுமக்கிறது.

நிலைப்பு: மணிக்கு 7.25 டாலர் என்னும் கூலி 2009 ஜூலைக்குப் பின் உயரவில்லை (பல மாநிலங்கள் தாமே கூடுதலாக நிர்ணயித்திருப்பது வேறு கதை). சலுகையோ ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் திருத்தப்படுகிறது.

எளிமை: கூலி சம்பளத்தோடு தானாக வரும்; சலுகைக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தகுதியுள்ளோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதைக் கோருவதே இல்லை.

சென்றடைதல்: என் பார்வையில் இதுவே முதன்மையானது. கூலி உயர்வு வசதியான வீட்டுப் பிள்ளையின் பகுதிநேர வேலைக்கும் கிடைக்கும். சலுகை குடும்ப வருமானத்தையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே தரப்படுவதால் ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாலும் குறிவைத்து அடைகிறது. ஆனால், குழந்தையில்லாதோருக்கு அது மிகச் சொற்பம். அதன் ஒரு பகுதி, கூலியைத் தாழ்த்தி வைக்கும் முதலாளிக்கே போய்ச் சேரவும் கூடும்.

ஆகவே, குழந்தைகளுள்ள குடும்பங்களே இலக்கென்றால் சலுகை பொருந்தும். பேரம் பேச வலுவற்ற, குழந்தையில்லாத தொழிலாளிக்குக் கூலி உயர்வு பொருந்தும். வேலையே இல்லாதவருக்கு இரண்டும் உதவா.